ஒரே எண், இரண்டு வரி

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் லைன் அக்கா. கணினி லைன் போனால்தான் அவள் நினைவு வரும். லைன் வந்துவிட்டால் அவள் யாரோ. பதினோரு வருடமாக இதே கதை.

அன்று காலை அவள் மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. கம்பெனியின் மேற்குக் கிடங்குக்கும் கிழக்குக் கிடங்குக்கும் நேற்று மாலை கணினித் தொடர்பு அறுந்தது தன் கவனக்குறைவால்தான் என்று அவளே ஒப்புக்கொள்வதாக மேலாளர் எழுதிவைத்த கடிதம். பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து; இல்லையென்றால் வேலை இல்லை. வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு கிடங்குக்கும் நடுவே நேர் வழி கிடையாது. கிடங்குக்கு ஒன்றாக ஃபிரேம் ரிலே என்ற வாடகை டேட்டா லைன், தலைமை ஆபீஸ் வரை மட்டும். ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் தலைமை ஆபீஸ் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் தகவலுக்கு வழி காட்டும் பெட்டியான ரவுட்டரில், மேற்குக் கிடங்கில், இரண்டு வரி எழுதியிருந்தாள்: தலைமை ஆபீஸுக்கு இந்த லைன், கிழக்குக் கிடங்குக்கும் இதே லைன். இரண்டிலும் அந்த லைனின் ஒரே எண்.

அந்த ரவுட்டரைத் திறந்து பார்த்தாள். இரண்டாவது வரியைக் காணோம். மேலே, கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் மேலாளரின் பெயர். நேற்று மாலை நாலு பத்து. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. செய்வதையும் செய்துவிட்டுக் கடிதம் வேறா!

வரியைத் திரும்ப எழுத விரல் தானாகவே போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். அவள் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த இடத்தில் அவள் பெயர் ஏறிவிடும். முதலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்தாள். பிறகு கடிதத்தையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"மேற்கு ரவுட்டர்ல ஒரு வரியை ஏன் சார் அழிச்சீங்க?"

மேசையில் பேனா கோணலாக இருந்தால்கூடப் பொறுக்காத மனிதர் அவர். "ஒரே நம்பர் ரெண்டு தடவை இருந்துச்சும்மா. குப்பையா தெரிஞ்சுது, சுத்தம் பண்ணேன். நீ தெளிவா எழுதியிருக்கணும்."

"சுத்தமா? ரெண்டு கிடங்கையும் ஊமையாக்கிட்டு, பழியை என் தலையில கட்டறீங்களா?" அச்செடுத்த தாளை அவர் முன்னால் அறைந்து வைத்தாள். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "அழிச்சது நீங்க. எழுதுறதும் நீங்களே எழுதுங்க."

மேற்குக் கிடங்கிலிருந்து தொலைபேசி அலறியது. அவர் எடுக்கவில்லை. திரையைப் பார்த்தார், தாளில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"என்னம்மா அடிக்கணும்?"

பதினோரு வருடத்தில் வேலையைப் பற்றி அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. கடிதத்தை நாலாகக் கிழித்து அவருடைய குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத்தான் அவள் சொல்ல ஆரம்பித்தாள்.