விருத்தாசலத்துக்குத் திரும்பிப் போன பெட்டி

இங்கே பஸ் தாமதமாக வந்தால், எத்தனை நிமிடம் தாமதம் என்று நிறுத்தத்தில் இருக்கும் பலகை முன்கூட்டியே சொல்லிவிடும். நான்கு நிமிடம் என்று எழுத்து ஓடினால் போதும், நின்றிருப்பவர்கள் துக்கச் செய்தி கேட்டதுபோல் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வார்கள். நான் விருத்தாசலத்துக்காரி. எங்கள் பஸ் ஸ்டாண்டில் "திட்டக்குடி வண்டி எப்பங்க வரும்?" என்று கேட்டால், "வந்துடும், போய் டீ குடிங்க" என்பார்கள். அதில் தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர் நிம்மதியாகப் போய் டீ குடிப்பார். தெற்கு ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடமாகியும், நான்கு நிமிடத்துக்குத் துக்கப்பட எனக்கு இன்னும் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எதுவும் தாமதமாகாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே என் வேலை. மின்சார அடுப்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்கள் நேரத்துக்கு வருகின்றனவா என்று கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். அடுப்பின் சூட்டுக் கம்பியில் கோக்கும் வெள்ளைப் பீங்கான் மணிகள் எங்கள் ஊரிலிருந்தே வருகின்றன. அனுப்புபவர் செல்வராணி அக்கா. செராமிக் பேட்டையில் எட்டுப் பெண்களை வைத்துச் சிறிய யூனிட் நடத்துகிறார். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை போன் செய்வேன். "சூளைல இருக்குது சுமதி, வெள்ளிக்கெழம ஏத்திடறேன்" என்பார். வெள்ளி என்று எழுதிக்கொள்வேன். வெள்ளியோ சனியோ சரக்கு ஏறிவிடும்.

போன வருடம் கம்பெனி புதிய சிஸ்டம் ஒன்றை வாங்கியது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு டிராக்கர். அது இருக்கும் இடம் எங்கள் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். மண் பிசைந்தாயிற்று, மணி காய்ந்தாயிற்று, சுட்டாயிற்று என்று ஒவ்வொரு கட்டத்திலும் அக்கா தன் போனில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எங்காவது கோளாறு என்று பட்டால், சிஸ்டம் யாரையும் கேட்காமல் அடுத்த ஆர்டரை வேறு நாட்டுக்குத் தள்ளிவிடும். என் மேலாளர் யுர்கன் புதுமாப்பிள்ளை போல் பூரித்திருந்தார். முதல் வாரமே அக்கா மூன்றாவது பொத்தானை அமுக்க மறுத்துவிட்டார்.

"ஏங்க்கா, மணி சுட்டாச்சுதானே?" என்று கேட்டேன்.

"சுட்டாச்சும்மா. ஆனா இதுல 'பணிநீக்கம் செய்யப்பட்டது'ன்னு போட்டிருக்குது. நான் யார வேலைய வுட்டு அனுப்புனேன்? எட்டுப் பேரும் இங்கதான் இருக்காங்க."

சூளையில் சுடுவதற்கும் ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழாக்கியது கம்ப்யூட்டர். யுர்கனுக்கு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. குறிப்பெடுத்துக்கொண்டு, "எட்டுப் பேருக்கும் வேலை பத்திரமாக இருக்கிறதா?" என்று கவலையோடு கேட்டார்.

பொத்தானைத் திருத்தினார்கள். சில மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான் விடுப்பில் ஊருக்குப் போனேன். போன மறுநாள், காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது யுர்கன் அழைத்தார்.

"சுமதி, விடுமுறையில் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள். செல்வராணியின் பெட்டி ஒன்று இங்கிருந்து திரும்பிப் போய்விட்டது. அனுப்பியது யாரென்று கிடங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. சென்னை விமான நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது. பிறகு விழுப்புரம் என்ற இடத்தில் நாற்பது நிமிடம்."

விழுப்புரத்தில் காரை நிறுத்தி நான் பரோட்டா சாப்பிட்டிருந்தேன். கை சோற்றிலேயே நின்றது.

"இன்று காலை பெரிய மதில் சூழ்ந்த ஒரு கட்டடத்துக்குள் ஒரு மணி நேரம். செயற்கைக்கோள் படத்தில் நாலு பக்கமும் கோபுரம் தெரிகிறது. சுங்க அலுவலகமா?"

"பழமலைநாதர் கோயில்."

"பெட்டியை ஏன் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்?"

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கைப்பையைக் கவிழ்த்தேன். விபூதிப் பொட்டலம், சாவிக்கொத்து, அவற்றோடு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு டிராக்கர். பெட்டி எங்களிடம் வந்ததும் டிராக்கரை எடுத்து அலமாரியில் வைப்பது என் பொறுப்பு. கிளம்பும் அவசரத்தில் பைக்குள் போட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னேன். யுர்கன் தன் திரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "சிஸ்டம் முடிவெடுத்துவிட்டது" என்றார். பெட்டி திரும்பிப் போனதால் சரக்கு மட்டம் என்று கணித்து, அக்காவின் அடுத்த ஆர்டரை அது ரத்து செய்திருந்தது. மாலைக்குள் திருத்தாவிட்டால் வேறு நாட்டுக்காரருக்குப் போய்விடும்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஆட்டோ பிடித்தேன். யூனிட்டில் சத்தமே இல்லை. அந்த ஆர்டருக்காகச் செய்த மணிகள் தட்டுத்தட்டாகக் காய்ந்துகொண்டிருக்க, எட்டுப் பெண்களும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். செல்வராணி அக்கா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "உங்கள் பொருள் நிராகரிக்கப்பட்டது."

"என்னா கொறை வெச்சோம்னு சொல்லு சுமதி. ஒரு மணியாவது வெடிச்சிருந்துச்சா? காலைலேருந்து இவங்க யாரும் சாப்புடல."

டிராக்கரை எடுத்து மேசைமேல் வைத்தேன். "திரும்பி வந்தது பொட்டி இல்லீங்க்கா. நாந்தான்." பரோட்டாவிலிருந்து கோயில்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முதலில் முறைத்தார். மூலையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது பரவி, கடைசியில் அக்காவையும் பிடித்துக்கொண்டது.

வீடியோவில் யுர்கனை அழைத்தோம். அவர் விதிப்படி போனார். "திருத்துவதற்கு முன் சோதனைக் குறிப்பு வேண்டும். வழியில் ஏதாவது சேதமா என்று செல்வராணியைக் கேளுங்கள்."

கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொஞ்சம் சதை போட்டிருக்குது. மத்தபடி பழுதில்லன்னு சொல்லு."

"சேதம் இல்லை" என்று மட்டும் மொழிபெயர்த்தேன். அறை முழுக்க ஏன் சிரிக்கிறது என்று யுர்கனுக்கு விளங்கவில்லை. மரியாதைக்குத் தானும் புன்னகைத்தார்.

பெட்டியின் நிலை என்ன என்று கேட்டு அக்காவின் போனில் மூன்று வரிகள் வந்தன. வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பப்பட்டது. வழியில் உள்ளது. முதல் வரியை அமுக்கினால் சிஸ்டம் ஏற்கவில்லை. சேரவேண்டிய இடம் ஜெர்மனி, புள்ளி நிற்பதோ விருத்தாசலத்தில். இரண்டாவதை அமுக்கினால் ஆர்டர் போய்விடும்.

"எதம்மா அமுக்கறது? உன்னப் பத்திதான கேக்குது" என்றார் அக்கா.

நான் மூன்று வரிகளையும் இன்னொரு முறை படித்தேன். அவர் காத்திருக்காமல் மூன்றாவதை அமுக்கினார். ஒரு நிமிடத்தில் ஆர்டர் திரும்பி வந்தது. பெண்கள் எழுந்து தட்டுகளிடம் போனார்கள். ஒருத்தி தூக்குச்சட்டியைத் திறந்து, பாதிச் சாப்பாட்டில் வந்த எனக்கும் சேர்த்துப் புளிசோறு வைத்தாள்.

டிராக்கரை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு பேட்டை வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, என் போனில் சிஸ்டத்தின் திரையைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி மஞ்சளாகியிருந்தது. அதன் கீழே எழுதியிருந்தது: "வழியில் உள்ளது. நடவடிக்கை எதுவும் தேவையில்லை." எதிர்ப்பக்கம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. நான் சாலையைக் கடந்தேன். கொஞ்சம் பொறுத்து, புள்ளியும் கடந்தது.