பாறையில் தேடிய கொழுந்து

தொண்ணூறுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாறை, வடக்கே கடலோரம் தோண்டியெடுத்த சுண்ணாம்பு மென்பாறை. அதை ஊறவைத்து அரித்தால் மணலைவிடச் சின்னக் கடலுயிர் ஓடுகள் மிஞ்சும். அவை எந்தக் காலத்து உயிர்கள் என்று நுண்ணோக்கியில் பார்த்துப் பாறையின் வயதைச் சொல்ல வேண்டும்.

“கடலையே காணாத நீர், சிப்பியைப் பற்றி என்னத்தைச் சொல்லப்போறீர்?” என்று சிரித்தார் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். நான் மலையகத்து லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துக்காரி. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

நுண்ணோக்கித் தட்டு நிறைய மிகப் பழைய இனங்கள்தான் கிடந்தன. மற்ற மாணவர்கள் அவற்றைப் பார்த்தே வயதை எழுதிவிட்டார்கள். என் கண்ணோ, பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவோடு மலையில் கொழுந்து பறித்த கண். முற்றிய இலையைக் கூடையில் கண்டால் கங்காணி சத்தம் போடுவார். அதனால் முற்றலில் அந்தக் கண் நிற்காது, இளசைத்தான் தேடும். தேடியது. பிந்திய காலத்து ஓடுகள் சில அகப்பட்டன. பழைய ஓடுகள் வேறு பாறையிலிருந்து அடித்து வந்து கலந்திருக்கலாம். ஆனால் இளைய ஓடுகளைச் சுமக்கும் பாறை அவற்றைவிட மூத்ததாக இருக்க முடியாது.

விரிவுரையாளர் என் நுண்ணோக்கியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, மற்றவர்கள் எழுதியதையெல்லாம் அழிக்கச் சொன்னார்.

கடலை நான் முதன்முதலாகப் பார்த்தது அதற்கு அடுத்த வருடம்தான்.