முப்பத்தெட்டாம் மைல் கம்பம்

டெல்ஃபினா உருட்டியாவுக்குப் பிழைப்பே ரோட்டில்தான். நெவாடாவின் வடக்கு மூலையில் எல்பர்ட் என்ற சின்ன ஊர். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவாள், கோடையில் மண்ரோட்டை மட்டம் செய்யும் இயந்திரம். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. செத்துப் போகவில்லை, சாக்ரமென்டோவுக்குப் போய்விட்டான். ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாய்த்தது. ஊரில் ஒருவர் பல வருஷம் முன்னால் ஏலத்தில் எடுத்து, ஓட்டாமலே ஷெட்டில் போட்டு வைத்திருந்த வண்டி. எண்பத்தாறாம் வருஷத்து ஜப்பான் க்ரூஸர், இருநூற்று ஐம்பது சிசி. சீட் தரையை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும், கைப்பிடி மட்டும் கொம்பு மாதிரி வளைந்து மேலே நிற்கும். பின்னால் யாரோ கையால் வெல்டிங் வைத்த ஒரு சாமான் தாங்கி.

"அம்மா தாயே, இது புல்வெட்டுற மெஷினா, இல்ல வண்டியா?" என்று கேட்டான் வெண்டல். தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், பக்கத்து வீட்டுக்காரன்.

"யோவ், உன் வண்டிய நிமிர்த்துறதுக்கே ரெண்டு ஆள் வேணும். என்னோடத நான் ஒரு கையில நிமிர்த்துவேன். வாய மூடிக்கிட்டு அந்த ஸ்பேனரக் குடு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுடைய கார் ஷெட்டில் வண்டி பிரிந்து கிடந்தது. கார்புரேட்டரைக் கழற்றி ஊறவைத்து, ஊசிமுனைத் துளைகளைக் கிட்டார் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாள். செயின், டயர், பிரேக் ரப்பர், பிளக் எல்லாம் புதுசு. டேங்கின் உள்ளே துரு எடுத்தாள். பெட்ரோல் குழாயை மாற்றினாள். டேங்க் மூடியைத் துடைத்துவிட்டு அப்படியே போட்டாள். மூடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

ஜூன் மாதம் ஒரு வார லீவில் தெற்கே கிளம்பினாள். தூங்கும் பை, தண்ணீர், சோரிசோ என்ற கார இறைச்சி வைத்த ரொட்டி, கருவிப்பை. மணிக்கு ஐம்பத்தைந்து மைலுக்கு மேல் அந்த வண்டி சந்தோஷமாகப் போகாது. அவளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு கார்வர் வெல்ஸ் என்ற இடத்துக்கு வந்தாள். நாலு வீடு, ஒரு பெட்ரோல் பம்பு. அதற்கப்பால் உப்புப் பள்ளத்தாக்கு. எழுபத்தொரு மைலுக்கு ஒரு கடை கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. அதைத் தாண்டினால் மின்டன்.

பம்பில் இருந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். டெல்ஃபினாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியைப் பார்த்தார். டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தானே பெட்ரோல் குழாயை எடுத்து விளிம்பு வரை நிரப்பினார்.

"மின்டனுக்கா?"

"ஆமாங்க."

"சரி" என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான். வெகுதூரம் போன பிறகும் கண்ணாடியில் அவர் ரோட்டு நடுவில் நிற்பது தெரிந்தது.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். நீளமான ஏற்றம் ஒன்றை ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி இரண்டு முறை இருமியது, பிறகு நின்றுவிட்டது. முப்பத்தெட்டாம் மைல் கம்பத்தின் அருகில். டெல்ஃபினா சீட்டில் உட்கார்ந்தபடியே டேங்கை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே பெட்ரோல் களக் களக் என்றது. காற்று இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை. சூடான எஞ்சின் மட்டும் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தியபோது மேற்கே, உப்புத்தரை நடுவில், மரங்கள் தெரிந்தன. உயரமான மரங்கள். காலடியில் தண்ணீர் பளபளத்தது. மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வீடு. ஒரு மைல்கூட இருக்காது. கானல் என்பது அவளுக்குத் தெரியாதா? வாழ்க்கை முழுக்க ரோட்டில் இருந்தவள். ஆனாலும் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு இறங்கி, ரோட்டை விட்டு விலகி, உப்பின்மேல் நடக்க ஆரம்பித்திருந்தாள். எப்போது இறங்கினாள் என்பதே அவளுக்கு நினைவில்லை. முப்பது அடி போன பிறகுதான் தன் பூட்ஸ் நொறுநொறுவென்று உப்பை உடைக்கும் சத்தம் காதில் விழுந்தது. நின்றாள். மரங்களைக் காணோம். வெறும் வெளி. யாரோ முன்னால் போய்க்கொண்டிருந்தது போலவும், தான் நின்றதும் அவரும் நின்று திரும்பிப் பார்ப்பது போலவும் ஒரு உணர்வு.

ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தாள். "ஸ்ஸ்ஸ்" என்று உள்ளே மூச்சு இழுத்தது வண்டி. கை தானாகப் பின்வாங்கியது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தாள். ஒன்றுமே நடக்காதது மாதிரி எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஊருக்கு வந்ததும் வெண்டல் கார்புரேட்டரை மறுபடி பிரித்தான், காயிலைச் சோதித்தான். "ஒரு குறையும் இல்ல டெல்ஃபி. வெயில்ல உனக்குத்தான் கொதிச்சிருக்கு."

அடுத்த வருஷம், அதே ஜூன். வண்டி மற்ற எந்த ரோட்டிலும் மக்கர் செய்யவில்லை. கார்வர் வெல்ஸில் அந்த அம்மாள் அதேபோல் டேங்கைத் தடவினார், விளிம்பு வரை நிரப்பினார், பேசவில்லை. அதே முப்பத்தெட்டாம் கம்பத்தருகில் வண்டி இருமி நின்றது. இந்தத் தடவை கம்பத்தின் கீழே ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. ஆளில்லை. புதுசாக, தூசு படியாமல், கிழக்கே பார்த்து விரித்து வைத்திருந்தது. டெல்ஃபினா மேற்குப் பக்கம் திரும்பவே இல்லை. மூடியைத் திறந்தாள், வண்டி மூச்சிழுத்தது, கிளம்பிவிட்டாள். மின்டன் வந்த பிறகுதான் பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது.

"அப்ப அந்தப் பக்கம் போகாத. உலகத்துல வேற ரோடே இல்லையா?" என்றான் வெண்டல்.

"இருபது வருஷம் பனிப்புயல்ல ரோட்டுல நின்னவ நான். ஒரு கம்பத்துக்குப் பயந்து ஒதுங்கணுமா?"

மூன்றாம் வருஷம் பம்பில் அந்த அம்மாள் இல்லை. வேறு யாரோ ஒருவர் விளிம்பு வரை பெட்ரோல் போட்டார். முப்பத்தெட்டாம் கம்பத்தில் வண்டி நின்றபோது, நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, மடியில் கை வைத்து, அவளையே பார்த்தபடி.

"நிக்கும்னு தெரியும். அதான் முன்னாடியே வந்துட்டேன்" என்றார். "என் பேரு ஓரா. இது என் வீட்டுக்காரர் வண்டி. அந்தத் தாங்கிய அவர்தான் வெல்டிங் வச்சாரு."

டெல்ஃபினா வண்டியை விட்டு இறங்கினாள். ஓரா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"எண்பத்தொம்பதுல என் தம்பி மெர்ல் ஒஹாயோவுல இருந்து வந்தான். இங்க வந்து நாலே நாள். இந்த வண்டியில ஒரு சுத்து சுத்திட்டு வரேன்க்கான்னான். நான்தான் டேங்க நெறப்பிக் குடுத்தேன். வண்டி இங்க நின்னுச்சு, இதே கம்பத்துக்கிட்ட. அவனக் காணோம். மூணு நாள் பிளேன் விட்டுத் தேடுனாங்க. அங்க கிழக்கால ஒம்பது மைல்ல ஒரு பண்ணை வீடு இருக்கு, அந்தப் பக்கமெல்லாம் சலிச்சாங்க. எனக்கு அந்த வண்டிய வீட்டுல வச்சுக்க முடியல. ஏலத்துல விடச் சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ முதல் வருஷம் வந்தப்ப எனக்கு உசுரே போயிடுச்சு பொண்ணே. லாரிய எடுத்துக்கிட்டு உன் பின்னாலயே வந்தேன். தூரத்துல நின்னு பார்த்தேன். இங்கயே வந்து நின்ன. அவன்தான் நிறுத்துறான். என்னவோ சொல்லணும்னு நிறுத்துறான். அதுல இருந்துதான் இந்த நாற்காலியப் போட்டு இங்க வந்து உக்காருறேன்."

"மொதல்லயே ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ திரும்பி வருவியா?"

டெல்ஃபினா அந்தத் தடவை மின்டனுக்குப் போகவில்லை. வந்த வழியே திரும்பி நேராக எல்பர்ட்டுக்கு வந்து, வெண்டலின் ஷெட்டில் வண்டியை நிறுத்தி, ஒன்று விடாமல் சொன்னாள். அந்த மூச்சுச் சத்தத்தைச் சொன்னபோது வெண்டல் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தான்.

"மூடியத் தொறந்தா ஸ்ஸ்ஸுன்னுச்சா? இத ஏன் மூணு வருஷமாச் சொல்லல?"

"சொன்னா சிரிப்ப."

டேங்க் மூடியின் பூட்டுத் தகட்டை அவன் கழற்றினான். உள்ளே காற்றுப் போக ஒரு சின்னத் துளை. அதைக் கல் மாதிரி இறுகிய மண் அடைத்திருந்தது. குளவி கட்டிய மண், பழைய மண். "பெட்ரோல் எறங்க எறங்க அந்த இடத்துக்குக் காத்து வரணும். வரலைன்னா டேங்கே பெட்ரோலப் புடிச்சு இழுத்து வச்சுக்கும். விளிம்பு வரைக்கும் நெறச்சு, நடுவுல நிக்காம, மூடியத் தொறக்காம ஓட்டுனா ஒரு நாப்பது மைல். அதுல ஏத்தம் வேற. அந்த ஏத்தத்துல எஞ்சின் கூடக் கேக்கும், கிடைக்காது, நின்னுடும். இன்னைக்கும் அங்கதான், அன்னைக்கும் அங்கதான்."

டெல்ஃபினா அந்த மண் துணுக்கை ஒரு தாளில் மடித்து வைத்தாள்.

"அப்ப அந்த ஆளு மூடிய ஒரு தடவ தொறந்திருந்தா..." என்றாள் டெல்ஃபினா.

"ஆமா. ஒரு தடவ தொறந்திருந்தாப் போதும்."

இதை ஓராவிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று வெண்டல் கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்குப் படுத்தபோது வேறு ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. தேடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். உள்ளூர்க்காரன் எந்தப் பக்கம் நடப்பானோ அந்தப் பக்கம் தேடினார்கள். மெர்ல் வந்து நாலு நாள் ஆன வெளியூர்க்காரன். அவன் லாரியில் உட்கார்ந்து பார்க்கவில்லை, நின்று பார்க்கவில்லை. தரையை ஒட்டிய அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். அந்த உயரத்தில்தான் மரங்கள் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் முடிவதற்குள், மறுபடி போனாள். வெண்டல் தன் பிக்கப் லாரியில் பின்னால் வந்தான். கார்வர் வெல்ஸில் ஓராவிடம் மூடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்த மண் துணுக்கை விரலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப அவன் கூப்பிடலையா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா எந்தப் பக்கம் போனாருன்னு தெரியும்னு நெனைக்கிறேன்."

ஓராவும் வெண்டலின் பிக்கப்பில் ஏறிக்கொண்டார். துளை சுத்தமாகியிருந்தது. வண்டி ஏற்றத்தை இருமாமல் ஏறியது. கம்பத்தருகில் அவளாகவே நிறுத்தினாள். மணி பன்னிரண்டு. சீட்டில் உட்கார்ந்து மேற்கே பார்த்தாள். மரங்கள், தண்ணீர், வெள்ளை வீடு. எழுந்து நின்றாள், எல்லாம் தரைக்குள் அமிழ்ந்தன. உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தன. ஓராவையும் உட்காரச் சொன்னாள். இத்தனை வருஷமும் பண்ணை வீடு இருக்கும் கிழக்கையே பார்த்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், முதல் முறையாக மேற்கே பார்த்தார்.

"வீடு மாதிரியே இருக்கே" என்றார் மெதுவாக.

ஓராவை பிக்கப்பில் இருக்கச் சொல்லிவிட்டு, டெல்ஃபினாவும் வெண்டலும் நடந்தார்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். ரோட்டு வேலைக்கு வைத்திருக்கும் சிவப்புக் கொடிக் குச்சிகளை நூறு அடிக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே போனாள், கோடு விலகக் கூடாதென்று. ஒரு மைலில் ஒன்றும் இல்லை. இரண்டு மைலில் மரங்கள் முழங்கால் உயரப் புதர்களாகிவிட்டன. மூன்றாவது மைலில் உப்புக்கு நடுவே வெள்ளைப் பாறை மேடு ஒன்று, வீட்டளவு. அதன் பின்பக்கம், எந்தக் காலத்திலோ யாரோ வெள்ளி தேடிக் குடைந்துவிட்டுப் போன ஒரு குழி. மேலே இருந்து பார்த்தால் தெரியாது, வாய் பாறைக்கு அடியில் இருந்தது.

குழியின் வாயில் ஒரு ஜோடி பூட்ஸ். அருகருகே, நுனி இரண்டும் ஒரே வரிசையில், வீட்டுக்குள் போகிறவன் வாசலில் கழற்றி வைப்பது போல. காலுறை மடித்து உள்ளே செருகியிருந்தது.

டெல்ஃபினா அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. வெண்டல்தான் குனிந்து உள்ளே பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு" என்றான். "ஹெல்மெட்ட மடியில வச்சுக்கிட்டு."

யாரோ விருந்தாளியைப் பற்றிப் பேசுவது போலிருந்தது அவன் குரல். திரும்பி வரும்போது கொடிகளைப் பார்த்தபடியே நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்னால் மூன்றாவது ஆள் நடந்து வரும் நொறுநொறுச் சத்தம் கேட்டதா என்று அவள் வெண்டலிடம் அப்போதும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

ஷெரிஃபின் போலீஸ்காரர்கள் வந்து உடலை எடுத்தார்கள். மெர்லை மின்டன் கல்லறையில் வைத்தார்கள். ஓரா அழவில்லை. அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, ஆட்டுக்கறிக் குழம்பைத் தட்டில் வாங்கிக்கொண்டு, "பூட்ஸக் கழட்டாம உள்ள வராதேன்னு அந்த நாலு நாளும் அவனத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். டெல்ஃபினா வண்டியைத் திருப்பித் தருவதாகச் சொன்னாள். அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த இலையுதிர் காலத்திலேயே ஓரா பம்பை மூடிவிட்டு ரீனோவில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். கார்வர் வெல்ஸில் இப்போது மூன்று வீடுதான். டெல்ஃபினா கூடுதலாக ஒரு கேனில் பெட்ரோல் கட்டிக்கொண்டு, இன்றும் ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறாள். வேறு வழியில் சுற்றிப் போகலாமே என்று வெண்டல் ஒவ்வொரு வருஷமும் சொல்வான், அவள் கேட்பதில்லை. அந்த ஏற்றம் வந்ததும் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாட ஆரம்பிப்பாள், வாயில் வந்த எதையாவது. மறுபக்கம் இறங்கி மின்டனின் தண்ணீர்த் தொட்டி கண்ணில் படும் வரை நிறுத்த மாட்டாள்.