பாவாடை நாடா சுற்றிய ஹேண்டில்

அரக்குப் பாலிஷின் நெடி மூக்கில் ஏறினாலே என் உள்ளங்கைகள் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் வேலை. எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு பங்களாவில் தூக்கிப் போடவிருந்த பழைய ரேஸ் சைக்கிளை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார். ஆட்டுக்கொம்பு போல வளைந்த அதன் ஹேண்டில் வெறும் இரும்பாக இருந்தது. நான் அதில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். வெயிலில் அது இளகிக் கையோடு வந்தது.

மாவட்ட சைக்கிள் போட்டிக்கு ஆள் எடுத்த எங்கள் மலையாளி பி.டி. டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "இது சரியாவில்லா மோளே. கை வழுக்கினா பல்லு போவும். திங்களாழ்ச்ச சரியாக்கிட்டு வா, இல்லேல் பேரு வெட்டும்."

பெயரை வெட்ட விடுவதாக இல்லை. அம்மா கடைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பாள். அந்த வெள்ளை நாடாச் சுருளை எடுத்து, ஹேண்டிலின் நடுவிலிருந்து கீழ்நோக்கி அழகாகச் சுற்றினேன். கரமனை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்புவதற்குள் ஐப்பசியின் துலா மழை பிடித்துக்கொண்டது. நாடாவின் விளிம்புகள் நனைந்து, உள்ளங்கைக்கடியில் திரிதிரியாகச் சுருண்டன. ஆத்திரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டு ஓட்டுக்கூரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். மேல் ஓடு கீழ் ஓட்டின்மீது படிந்திருந்ததால் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டு அத்தனையையும் அவிழ்த்து, மேல் சுற்று கீழ்ச் சுற்றின்மீது படியும்படி கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற ஆரம்பித்தேன்.

அதற்குள் அம்மா சுருளைத் தேடி வந்துவிட்டாள். "ஏட்டி, யாரக் கேட்டு எடுத்த? பொட்டப்பிள்ள ரேஸ் ஓட்டி என்னத்தக் கிழிக்கப் போற?" நான் தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிய பகுதியை விரலால் தடவிப் பார்த்தவள், "எடுத்ததுதான் எடுத்த, ஒழுங்கா முடி. பாதியில போட்டேன்னா தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நடுவில் வந்து நிற்கும் கடைசி நுனியை எந்த நூலால் கட்டினாலும் நழுவியது. ஞாயிறு மாலை, எட்டாவது முடிச்சும் அவிழ்ந்து நான் அழும் நிலைக்கு வந்தபோது, அம்மா ஊசியோடு வந்து "தள்ளு" என்றாள். இரண்டு பக்கமும் நுனியை மடித்து, நெருக்கமாகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அதன்மேல் அப்பாவின் அரக்குப் பாலிஷை மூன்று முறை பூசினேன். வெள்ளை நாடா தேயிலை நிறத்துக்கு மாறிக் கல்லாக இறுகியது.

திங்கட்கிழமை டீச்சர் நகத்தால் கிளறிப் பார்த்தார், ஒரு பிரிகூட எழவில்லை. என் பெயர் தப்பியது. போட்டியில் நான்காவதாகத்தான் வந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது கழக்கூட்டம் பகுதியிலுள்ள என் ஃபிளாட் பால்கனியில் அந்தச் சைக்கிள் நிற்கிறது. அம்மா இல்லை, எதிர்வீட்டு ஓட்டுக்கூரையும் இல்லை. போன மாதம் நாடா இற்றுப்போய்விட்டதால், பின்னால் பசையோடு வரும் ரெடிமேட் டேப்பை வாங்கிக் கீழிருந்து நானே சுற்றினேன். பழைய நாடாவை முழுக்க அறுத்தெடுக்க மனம் வரவில்லை. தையல் இருந்த விரலகலத் துண்டுகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. புது டேப் அதுவரை வந்து நின்றுவிடுகிறது.