சாமிக்கு ஏஜெண்டாக இருந்த காலம்

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தர்ம சிந்தனையை ஊட்டும் பொறுப்பை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானாகப் போய் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வது. ஒரு மணி நேரமாவது போனைப் பார்க்காமல் இருக்கட்டும் என்பதுதான் உள்நோக்கம். வெளியே சொன்னது ஆன்மிகம். கடைசியில் சுண்டல் உண்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

கதைகளை நானே கட்டிவிடுவேன். அதில் ஒன்று ரொம்பப் பிரபலம். ஒரு ஏழை விவசாயி. வீட்டில் இருப்பதெல்லாம் விதைக்கு வைத்திருக்கும் ஒரு மரக்கால் நெல். பக்கத்து வீட்டுக்காரன் வந்து கேட்கிறான். இவன் யோசிக்காமல் அள்ளிக் கொடுத்துவிடுகிறான். விடிந்து பார்த்தால் குதிர் நிறைய நெல்! யார் நிரப்பினார்கள் பிள்ளைகளா? "சாமி!" என்று மண்டபம் அதிரும். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, நெல்லைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வளர்ந்த ஒருத்தி சொல்லக்கூடிய கதையா இது? விதைநெல்லைத் தூக்கிக் கொடுத்தவனை நேரில் பார்த்தால் புத்தி கெட்டவன் என்று நானே ஏசியிருப்பேன். கதை என்று வந்தால் நமக்குத் தாராளம் பொங்கி வழிகிறது.

கேட்ட பிள்ளைகளெல்லாம் சுண்டலைத் தின்றுவிட்டுக் கதையை அங்கேயே உதறிவிட்டுப் போய்விட்டன. கெட்டிக்காரப் பிள்ளைகள். கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. அது நான் பெற்றது.

மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள் என் மகள். முதலில் பென்சில் பாக்ஸ் போனது. "பக்கத்துல உக்காந்திருக்கவளுக்கு இல்லம்மா, குடுத்துட்டேன். சாமி எனக்கு வேற குடுப்பாரு" என்றாள். முகத்தில் துளிக் கவலை இல்லை. மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய் இது. இப்போது என்ன சொல்வது? அடுத்த நாள் கடைக்குப் போய் ஒரு பென்சில் பாக்ஸ் வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படியில் நின்றேன். "அம்மா! சாமி குடுத்துட்டாரு!" என்று தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிட்டதாம்.

அப்புறம் மழைக்கோட்டு. அப்புறம் டிபன் பாக்ஸ். அப்புறம் பண்டிகைக்கு எடுத்த பாவாடை, அதுவும் ஒரு தடவைகூட உடுத்தாதது. அவள் கொடுப்பாள், நான் வாங்கி வைப்பேன், பெயர் சாமிக்கு. உலகத்திலேயே சம்பளமில்லாத ஏஜென்சி என்னுடையதுதான். பாவாடைக்கு மட்டும் மனசு ஆறாமல், "சாமிக்கு இந்த மாசம் கொஞ்சம் கஷ்டமாம்டி, பாத்து நடந்துக்க" என்று சொல்லிப் பார்த்தேன். "சாமிக்கு ஏதும்மா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் இதிலெல்லாம் தலையிட மாட்டார். அவருடைய பக்தி வேறு தினுசு. மோட்டார் கெட்டுப்போனால் "சாமி பாத்துக்குவார்", பயிருக்குப் பூச்சி வந்தால் "சாமி பாத்துக்குவார்", கூரை ஒழுகினால் "சாமி பாத்துக்குவார்". சாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் இவர் டீக்கடையைப் பார்த்துக்கொண்டார். மகளுக்கு நான் கொடுக்கச் சொல்லித் தந்தேன், இவர் கவலைப்படாமல் இருக்கச் சொல்லித் தந்தார். இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததுதான் வினை.

எங்களுக்குச் சொந்த நிலம் கொஞ்சம். வயிறு நிறைவது குத்தகை நிலத்தில்தான். வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலம் அது. அதன் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். அந்த வருஷம் அவர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தச் சம்பாவுக்கு நெலம் தரிசாக் கெடக்கக் கூடாது. கெடந்துச்சுன்னா வேற ஆளுக்கு விட்டுருவேன், இல்ல மனை போட்டு வித்துருவேன். நானே வந்து பாப்பேன்." அவர் பார்க்க வரும்போது வயலில் பயிர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கள் பிழைப்பு போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டு பெய்து, ஊரில் பாதி நாற்றங்கால் தண்ணீரில் மூழ்கி அழுகிவிட்டது. எங்களுடையது மேட்டில் இருந்ததால் தப்பியது. "பாத்தியா, சாமி பாத்துக்கிட்டார்" என்றார் வீட்டுக்காரர். மேட்டில் நாற்று விடச் சொல்லி அவரோடு சண்டை போட்டது நான். போகட்டும்.

அன்று சனிக்கிழமை. கும்பகோணத்தில் என் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. நான் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். ஆட்கள் வந்து நாற்றைப் பறித்து, சின்னச் சின்னக் கட்டுகளாக, முடி முடியாகக் கட்டி, குத்தகை வயலுக்கும் ஏற்கெனவே நட்டு முடித்திருந்த எங்கள் சொந்த வயலுக்கும் நடுவரப்பில் அடுக்கிவிட்டு மத்தியானம் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் குத்தகை வயலில் நடவு. வீட்டுக்காரர் மகளிடம், "நாத்தை மாடு கடிக்காம பாத்துக்க, இந்தா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் டீ குடிக்கப் போனால் தேயிலை விளைந்துதான் வர வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடவு முடிந்து மிஞ்சிய நாற்று முடிகளை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, விற்பதுமில்லை. வரப்பிலேயே போட்டுவிட்டுப் போவோம். நாற்றுக் குறைந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாத வரப்பில் நாற்று முடி கிடந்தால் அது மிச்சம் என்றுதான் அர்த்தம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாகுபடி பண்ணும் ஓர் அக்கா அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். அவருடைய நாற்றங்கால் மொத்தமும் அழுகிப்போயிருந்தது. வரப்பில் நாற்று கிடக்கிறது, ஆட்கள் யாரும் இல்லை, ஒரு சின்னப் பெண் மட்டும் நிற்கிறாள். "இதெல்லாம் மிச்சமாம்மா? அத்தை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். என் மகள் அவர் முகத்தைப் பார்த்தாளாம். "எடுத்துக்கங்க அத்தை. எல்லாத்தையும் எடுத்துக்கங்க" என்று சொல்லி, தூக்கியும் விட்டிருக்கிறாள். மிச்சம் என்று அவள் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அந்த மட்டும் வளர்ப்பு சரி.

இருட்டுகிற நேரத்தில் நான் வளைகாப்பு வளையல் குலுங்க பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன். வீட்டு வாசலில் அந்த அக்கா நிற்கிறார், கால் முழங்கால் வரை சேறு. என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். "இந்த வருஷம் அவ்வளவுதான்னு ஒக்காந்திருந்தேன். உங்க பொண்ணு மகராசி, மிச்ச நாத்து அம்புட்டையும் எடுத்துக்கச் சொல்லிருச்சு. இப்பத்தான் ஆளுங்களை வச்சு நட்டு முடிச்சுட்டு வர்றேன். வளர்ப்புன்னா இதுல்ல வளர்ப்பு!"

குத்தகை வயலில் இன்னும் ஒரு நாற்றுகூட நடவில்லை, மிச்சம் எங்கிருந்து வரும்? ஆனாலும் சிரித்தேன். "அதனால என்னக்கா, கொடுக்கத்தானே சாமி கொடுக்குறார்" என்றேன். ஐயோ, என் வாயை எதைக்கொண்டு தைப்பது!

அவர் போனதும் உள்ளே போய் ஒரு ஆட்டம் ஆடினேன். மகளை, அப்பனை, டீக்கடையை, வளைகாப்பு வைத்த என் தம்பியை, ஒருவரையும் விடவில்லை. "போய்க் கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் வீட்டுக்காரர். "நட்ட நாத்தைப் பிடுங்கிட்டு வருவீங்களோ? அந்தப் பாவம் வேற வேணுமா?" என்று கத்தினேன். மறுபடி விதைத்தால் நாற்று வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் பருவம் போய்விடும். விலைக்கு வாங்கலாம் என்றால் ஊரில் யாரிடமும் விற்கிற அளவுக்கு நாற்று இல்லை. "சாமி பாத்..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "கெடைச்சிரும்மா" என்றாள் ஒரே ஒரு தடவை. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். வீடு வீடாக, வயல் வயலாக. "மிஞ்சின நாத்து ஏதாச்சும் இருக்கா?" இந்த ஒரு கேள்வி தொண்டையிலிருந்து வெளியே வர நான் பட்ட பாடு! கொடுப்பதைப் பற்றி மண்டபத்தில் எத்தனை கதை சொல்லியிருக்கிறேன். கேட்பதைப் பற்றி ஒரு கதைகூட என்னிடம் இல்லை. கொடுக்கிறவனுக்குக் கதையில் குதிர் நிறைகிறது. கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரன் எந்த முகத்தோடு வந்து நின்றான் என்று நான் யோசித்ததே கிடையாது. முதல் வீட்டில் சும்மா நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

டீக்கடைப் பெஞ்சுக்குச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. "என்னங்க, குதிர் இன்னும் நெறையலையா?" என்று ஒருவர் கேட்டார். அவர் பிள்ளை என்னிடம் சுண்டல் தின்கிற பிள்ளை. "சாமி லோடு அனுப்பிட்டார், லாரிதான் கும்பகோணத்துல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. ஆனால் அதே ஆள்தான் எழுந்து வந்து, "எங்க வயல் கடைசி வரப்புல பொன்னி நாத்து கொஞ்சம் கெடக்கு, எடுத்துக்கங்க" என்றார். சரி, சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஓரிடத்தில் நாலைந்து முடி. இன்னோரிடத்தில் ஒரு கை. ஒருவர் வீட்டில் பொன்னி, ஒருவர் வீட்டில் மோட்டா ரகம், ஒருவர் வீட்டில் பாரம்பரிய நெல் என்று ஏதோ கறுப்புக் கவுனி. கேட்கிற இடத்தில் ரகம் பார்க்க முடியுமா? வீட்டுக்காரர் மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து வந்து இறக்கினார். அவர் டீ குடிக்காமல் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்லை.

நடும்போது அந்த அக்கா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கி என் பக்கத்தில் நின்றார். ஒரு முடியைப் பிரித்து நட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பிடுங்கிக் கொடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல" என்றேன். அவர் இருட்டும்வரை நட்டார். மறுநாளும் வந்தார்.

வயல் எப்படி இருந்தது என்கிறீர்கள்? கண்றாவி. ஒரு பக்கம் நெட்டை, ஒரு பக்கம் குட்டை, நடுவில் கறுப்பு. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இதை எந்த மிஷினை விட்டு அறுப்பது, எந்தக் கொள்முதல் நிலையத்தில் கலப்பு நெல்லை வாங்குவார்கள் என்று யோசித்தாலே எனக்குத் தலை சுற்றியது. நிலத்துக்காரர் சொன்னபடி வந்தார். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, "பச்சையா இருக்குல்ல. சரி, நல்லாப் பண்ணுங்க. நெலம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத முதலாளி வாழ்க.

கார் திரும்பியதும் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியாம்மா? சாமி குடுத்துட்டாரு."

அடக்கி வைத்தது எல்லாம் வெடித்துவிட்டது. "சாமியா? நாந்தாண்டி! வீடு வீடா மானத்தை விட்டுக் கேட்டேனே, நான்! பென்சில் பாக்ஸும் நான், மழைக்கோட்டும் நான், பாவாடையும் நான். சாமி எதையும் கொண்டாந்து வைக்கல. கடையில வாங்கி நான் வச்சேன், போதுமா?" சொல்லி முடித்ததும் ஐயோ என்று ஆகிவிட்டது. எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா?

அவள் காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீதான் வச்சன்னு. பென்சில் பாக்ஸுல வெலைச்சீட்டை நீ கிழிக்கவே இல்ல."

"அப்பறம் எதுக்குடி சாமி குடுத்தாரு, சாமி குடுத்தாருன்னு ஊரெல்லாம் சொன்ன?"

"அப்படிச் சொன்னாத்தான் நீ சந்தோஷப்படுற. திட்டவும் மாட்ட."

அப்படியானால் சாமியை நம்பி அவள் ஒன்றையுமே கொடுக்கவில்லை. நான் எப்படியும் கொண்டுவந்துவிடுவேன் என்று என்னை நம்பித்தான் அத்தனையையும் கொடுத்திருக்கிறாள். நாற்றையும்கூட. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"இனிமே எதைக் கொடுக்கறதா இருந்தாலும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொடு, என்ன?"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லிருவியேம்மா" என்றாள்.