தர்பார் படுதா காய்ந்த தெரு

மாமா நாடகக்காரர்களைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் இறக்கிய அன்று நான் சளி பிடித்துப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தேன். அதனால் எல்லாவற்றையும் முதல் ஆளாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் தெரு அப்போது தெரு என்று சொல்லும்படி இல்லை. பங்களாக்களில் சமையலும் தோட்ட வேலையும் பார்த்தவர்களுக்காகக் கட்டிய ஒரு வரிசை வீடுகள், அவ்வளவுதான். துரைமார் கப்பலேறிய பிறகு அந்தக் குடும்பங்களும் பிழைப்புத் தேடி மலையிறங்கிவிட்டன. பழனியில் கடை வைத்திருந்த பெரியப்பா வரிசை முழுவதையும் மலிவாக வாங்கிப் போட்டார். அங்கே குடிவர ஆளில்லை என்பது வாங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தகரக் கூரைகள் துருப்பிடித்து, கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன. கடைசி வீட்டில் நாங்கள் இருந்தோம். முன்னறையில் அம்மா டீக்கடை வைத்திருந்தாள். தவறாமல் டீ குடிக்க வந்தவர் அவளுடைய தம்பியான எங்கள் மாமா மட்டும்தான். அவரை வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது.

மாமா எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அப்பா ஓட்டிய பூண்டு லாரியில் பேச்சுத்துணைக்கு வத்தலக்குண்டு வரை போனவர், திரும்பும்போது லாரி நிறைய ஆட்களோடும் தகரப் பெட்டிகளோடும் வந்து சேர்ந்தார். ஐப்பசி மழையில் கொட்டகை சரிந்து, போக்கிடமில்லாமல் சந்தையில் நின்ற நாடகக் குழு அது.

“வாடகை கெடையாதுக்கா. கூரைய அவுங்களே அடைச்சுக்கிருவாங்க. வீடு சும்மாதானே கெடக்கு” என்றார் மாமா.

“சும்மா கெடந்தா அது உன் வீடாடா? பெரியவரு காதுக்குப் போனா யாரு பதில் சொல்றது?” என்று கேட்டுக்கொண்டே அம்மா பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்தாள். ராஜா வேஷம் போடுகிறவரும் ராணி வேஷம் போடுகிற அக்காவும் வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன செய்வது?

மழை விடுவதற்குள் கூரை ஓட்டைகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. படுதாக்களில் காட்சி எழுதும் ஓவியர் மிச்சமிருந்த வர்ணத்தையெல்லாம் கதவுகளில் பூசினார். ஒரு கதவு மயில் நீலம், அடுத்தது குங்குமச் சிவப்பு. மார்கழியில் வெயில் வந்ததும், ஈரத்தில் பூசணம் பிடித்த படுதாக்களைத் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். அந்த நாட்களில் நான் ஒரு காட்டுக்குள் புகுந்து, ஒரு தர்பாரைக் கடந்து, ஒரு சிறைச்சாலை வழியாகப் பள்ளிக்கூடம் போனேன். வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு வழி வாய்த்திருக்காது.

ஒத்திகை பார்க்க ஊர்ச்சனம் வரத் தொடங்கியது. வந்தவர்களுக்குக் குளிரில் வாய் சும்மா இருக்குமா? அம்மா போண்டா போட்டாள், போடப்போடத் தீர்ந்தது. உடுப்புத் தைக்க வந்த தையல்காரர் ஒரு வீட்டில் மிஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு போட்டோக்காரர் தர்பார் படுதாவுக்கு எதிரே முக்காலியை நட்டார். கோட்டும் மப்ளருமாக வந்தவர்கள் அரண்மனைத் தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சேதி பழனிக்குப் போகாமல் இருக்குமா? பொங்கல் கழிந்து பெரியப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். “கூத்தாடிகளுக்கு என் வீடு சத்திரமா? இன்னைக்கே வெளிய தள்ளுறேன்” என்று குடையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தாள். மாமா காட்டுப் படுதாவுக்குப் பின்னால் போய்விட்டார். அவருடைய கால்கள் மட்டும் மரத்தடியில் தெரிந்தன.

ஒத்திகையில் இருந்த ராஜா, கிரீடமும் தாடியுமாக நேரே பெரியப்பாவிடம் நடந்து வந்தார். “எங்கள் மன்னா, தங்கள் நகருக்கு எழுந்தருள இத்தனை தாமதமா?” என்று கணீரென்று கேட்டுவிட்டு, தன் கிரீடத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் குனிந்து வணங்கினார்கள். ஓங்கிய குடை செங்கோலைப் போல அப்படியே நின்றது. அவரைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

அன்று முழு நாடகத்தையும் பெரியப்பா சிம்மாசனத்தில் இருந்தே பார்த்தார். ராணி அழுத இடத்தில் அவரும் மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது யாரையும் பார்க்காமல், “சீசன் வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்றார். நாங்கள் பஸ் வரை மேளம் தட்டி அவரை வழியனுப்பினோம்.

சீசனில் எங்கள் தெருவைப் போல ஒரு தெரு கொடைக்கானலில் இல்லை. ஏரியைப் பார்த்த கையோடு எல்லோரும் இங்கே வந்தார்கள். பெரியப்பாவே மதுரையிலிருந்து பெரிய மனிதர்களைக் கூட்டிவந்து, “இது நம்ம தெரு” என்று காட்டினார். நீலக்கதவு வீடு எனக்கு, சிவப்புக்கதவு வீடு எனக்கு என்று அவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் தருவதாகச் சொன்ன வாடகையைக் கேட்டு அம்மா போண்டாவைக் கருகவிட்டாள்.

சாரல் தொடங்கியபோது அப்பாவின் லாரி வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ராணி அக்காவிடம், அடுத்த வருசமும் வருவீர்களா என்று கேட்டேன்.

“வராம என்ன தங்கம். ஆனா இந்த வீட்டுக்கு இல்ல. இது இப்ப ரொம்ப அழகாயிருச்சுல்ல” என்று கன்னத்தைக் கிள்ளினார்.

எங்கள் தெருவைப் புகழ்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வீட்டை அழகாக்கியவர்களுக்கு அதனாலேயே அங்கே இடமில்லாமல் போகும் என்பது என் கணக்கில் இல்லாத விஷயம்.

மாமா எல்லோரையும் விடக் குஷியாக இருந்தார். “அய்யம்பாளையத்துல ஒரு நெல்லு மூட்டைக் கிட்டங்கி பாழாக் கெடக்கு. கூரை மட்டுந்தான் இல்ல. வெரசா ஏறுங்க” என்று கூவிக்கொண்டே ராணி அக்காவுக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, தானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். லாரி திரும்பும் வளைவு வரை நான் சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். மாமா சாயங்காலம் அப்பாவோடு அதே லாரியில் திரும்பிவிடுவார் என்று நினைத்திருந்தேன். ஆனால் கிளம்பும் முன் அம்மா அவருடைய வேட்டிகளையும் கம்பளியையும் ஒரு பையில் திணித்து, பெட்டியிலிருந்த தன் கல்யாணப் புடவையையும் மேலாக மடித்து வைத்துக் கொடுத்திருந்தாள். அது யாருக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.