இருபத்தெட்டாவது பெயரோடு நின்ற டெலக்ஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் துறைமுகச் சுவரைப் பார்த்தபடி இருந்த ஒரு கப்பல் ஏஜென்சியின் கிளை அலுவலகத்தில் நான் டெலக்ஸ் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த மெஷினைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்ன, நிறையவே.

டெலக்ஸ் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பார்க்கத் தட்டச்சு மெஷின் மாதிரி இருக்கும். இங்கே நான் தட்டினால் பம்பாயில் இருக்கும் இன்னொரு மெஷினில் அது அப்படியே அச்சாகும். நீளமான செய்தி என்றால் முதலில் அதைக் காகித டேப்பில் ஓட்டை ஓட்டையாகப் பதிந்துகொண்டு, லைன் கிடைத்ததும் டேப்பை ஓடவிடுவோம். அந்தப் பக்கம் ஆள் இல்லாவிட்டாலும் மெஷின் பாட்டுக்கு வாங்கிக்கொண்டிருக்கும். சரியான இடத்தோடுதான் பேசுகிறோமா என்று பார்க்க ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் அங்கே இருக்கும் மெஷின் தன் பெயரைத் தானே அடித்துக்காட்டும்.

எங்கள் கிளையின் வேலை கப்பலுக்கு ஆள் அனுப்புவது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்து மாலுமிகள் எங்களிடம் பதிந்துவைத்துக் காத்திருப்பார்கள். கப்பல் கிடைத்ததும் அவர்கள் ரயிலேறிப் பம்பாய்க்குப் போவார்கள். பட்டியல் டெலக்ஸில் போகும். ஆளுக்கு ஐந்து வரி. பெரிய பட்டியல் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதுவரை நான் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் ஆள் இல்லாமலே டேப்பை அனுப்பும் கருவி ஒன்று வாங்கலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். இரண்டு கம்பெனிக்காரர்கள் அடுத்தடுத்து ஆளுக்கொரு கருவியைப் பரீட்சார்த்தமாக வைத்துவிட்டுப் போனார்கள்.

"நீதானேம்மா ஓட்டப் போறே. எது வேணும்னு நீயே பார்த்து எழுதிக் கொடு" என்றார் மேனேஜர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

முதல் கருவி பத்துப் பெயருக்கு ஒருமுறை தானாக நின்று, அந்தப் பக்கத்து மெஷினிடம் பெயர் கேட்கும். பதில் வந்தால் மேலே ஓடும். வராவிட்டால் அங்கேயே நின்று மணியடிக்கும். இரண்டாவது கருவி ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை பெயர் கேட்கும். அப்புறம் டேப் முடியும்வரை ஒரே ஓட்டம், முடிந்ததும் தானே லைனைத் துண்டித்துக்கொள்ளும். முதல் கருவி இருந்த இரண்டு வாரத்தில் நான் டிபன் டப்பாவைத் திறந்த நேரமாகப் பார்த்து இரண்டு தடவை மணியடித்தது. தொட்டதற்கெல்லாம் அழும் குழந்தை மாதிரி இருக்கிறதே என்று எரிச்சல்பட்டேன். இரண்டாவது கருவி வந்த அன்றே என் மனது அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. இதையே வாங்கலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

அந்தச் சமயத்தில் நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே கப்பலில் இடம் கிடைத்தது. அவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். ஒன்றரை வருடம் கப்பல் கிடைக்காமல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். பட்டியலில் அவர் முப்பத்தேழாவது. வெள்ளிக்கிழமை எல்லோரும் ரயிலேறிவிட்டார்கள். திங்கட்கிழமை பம்பாயில் கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்து. பட்டியலில் பெயர் இல்லாதவரின் இடம், அங்கே கேட்டில் காத்து நிற்கும் வேறு ஒருவருக்குப் போய்விடும். அதுதான் நடைமுறை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. பன்னிரண்டரைக்கு இரண்டாவது கருவியில் டேப்பை மாட்டினேன். பம்பாய் மெஷின் பெயர் சொன்னது, டேப் ஓட ஆரம்பித்தது. அன்று பக்கத்துக் கோயிலில் என் தோழியின் கல்யாணம். மெஷினை அதன் போக்கில் விட்டுவிட்டு விருந்துக்குப் போய்விட்டேன். ஒன்றரைக்குத் திரும்பி வந்தபோது டேப் முடிந்து, லைனும் துண்டாகியிருந்தது. பட்டியல் தாளில் 'அனுப்பப்பட்டது' என்று கொட்டையெழுத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஓடிமுடிந்த டேப்பை வழக்கம்போலக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

மாலையில் தெருக்குழாயடியில் அந்த மாலுமியின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, லிஸ்ட்டு பம்பாய்க்கு பூட்ச்சா?"

"பூட்ச்சிக்கா. நாப்பத்திரண்டு பேரும் பூட்டாங்க. நீ நிம்மதியா இரு."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு டெலக்ஸ் அறையைத் திறந்தேன். எங்கள் மெஷினும் ஆள் இல்லாமல் செய்தி வாங்கி வைத்திருந்தது. பம்பாயிலிருந்து ஆங்கிலத்தில் மூன்று செய்திகள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தது: 'மொத்தம் 42 என்று தலைப்பில் இருக்கிறது. 28 பெயர்தான் வந்துள்ளது. மீண்டும் அனுப்பவும்.' நான்கு மணிக்கு மறுபடி அதே செய்தி. மூன்றாவது அன்று காலை எட்டு மணிக்கு வந்திருந்தது: 'கையெழுத்து வாங்கும் அதிகாரியிடம் பேசிவிட்டேன். பதினோரு மணிவரை பதினான்கு இடங்களை யாருக்கும் கொடுக்க மாட்டார். வந்ததும் அனுப்பவும். இங்கேயே இருக்கிறேன்.'

குழாயடியில் நான் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்டது. டேப் குப்பைக்குப் போய்விட்டது. பட்டியல் பூட்டிய அலமாரியில். சாவி மேனேஜரிடம். அவரோ திருவொற்றியூரிலிருந்து வர வேண்டும். அன்று பார்த்து ரயில்வே கேட் மூடிக்கிடந்ததாம், பத்தேகாலுக்குத்தான் வந்தார். அதுவரை வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டிருந்தேன். 'என் மேல்தான் தப்பு' என்பதை எப்படிச் சொல்வது என்று பத்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"சார், பதினாலு பேர் போகல. நான் பார்க்காம விட்டுட்டேன். பதினொண்ணுவரைக்கும் டைம் இருக்கு" என்றேன்.

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "முதல்ல அனுப்பு. மத்தத அப்புறம் பேசலாம்" என்று சாவியைக் கொடுத்தார்.

அந்தப் பதினான்கு பேரையும் டேப் இல்லாமல் நேரடியாகத் தட்டினேன். மேனேஜர் ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, நான் அடித்துக்கொண்டே போனேன். ஐந்து பெயருக்கு ஒருமுறை நிறுத்தி, வந்ததா என்று கேட்டேன். 'வந்தது, 33' என்று பதில் வந்தது. 'வந்தது, 38.' எங்கள் தெருக்காரரின் முப்பத்தேழைத் தாண்டிய அந்த முப்பத்தெட்டைப் பார்த்ததும் மூச்சு வந்தது. 'வந்தது, 42' என்று அச்சானபோது மணி பத்து ஐம்பது.

'மன்னிக்கவும். டேப்பை ஓடவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன்' என்று அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

பதில் வந்தது: 'இங்கே காகிதச் சுருள் தீர்ந்ததால்தான் நின்றது. அதை நான் பார்த்திருக்க வேண்டும். நானும் சாப்பிடப் போயிருந்தேன்.'

படித்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தக் கோடியில் ஆளில்லை, அந்தக் கோடியிலும் ஆளில்லை. நடுவில் பதினான்கு குடும்பத்தின் பிழைப்பை இரண்டு மெஷின்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆளாளுக்குச் சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறோம். ஆனால் அந்தப் பம்பாய் ஆபரேட்டர் தன் தப்பை மூடி மறைக்கவில்லை. தலைப்பில் இருந்த எண்ணைப் பார்த்து, பெயர்களை எண்ணி, அதிகாரியிடம் போய் நின்று, திங்கட்கிழமை விடிந்ததும் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது.

காகிதம் தீர்ந்த மெஷின் தன் பெயரைச் சொல்லாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நான் வேண்டாம் என்று எழுதிய கருவியாக இருந்திருந்தால் முப்பதாவது பெயரில் கேட்டுப் பார்த்து, பதில் வராமல் நின்று மணியடித்திருக்கும். விருந்திலிருந்து வந்தபோதே பாதி டேப் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பேன்.

மேனேஜரிடம் என் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "இன்னா, மாத்தி எழுதப் போறியா?" என்று கேட்டபடி எடுத்துக் கொடுத்தார். அவர் வாயில் 'இன்னா' வந்தால் கோபம் தணிந்துவிட்டது என்று அர்த்தம். மணியடிக்கும் கருவியே வேண்டும் என்று இரண்டே வரியில் எழுதினேன். அதன் பிறகு அது என்னைச் சாப்பாட்டிலிருந்து எத்தனையோ முறை எழுப்பியது. நான் ஒருமுறைகூட முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பத்து நாள் கழித்து, கணவர் கப்பலேறிய கடிதத்தோடு அந்த அக்கா வீட்டுக்கு வந்தாள். "உன்னாலதான் தங்கச்சி, நீ நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன்.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சோறு துன்னத்தானே போன, அது தப்பு இல்ல" என்றாள். "ஆனா அன்னிக்கு கொழாயாண்ட நான் கேட்டப்ப உனுக்கே தெரியாது. தெரிஞ்சா மாரி சொல்லிட்ட பாரு. நான் உன் வாயத்தான் நம்பிகினு இருந்தேன்."

இத்தனை வருடம் கழித்தும், ஒன்றை அனுப்பிவிட்டு 'போய்ச் சேர்ந்தது' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த அக்காவின் முகம் எதிரே வந்து நிற்கிறது, உடனே அந்தப் பக்கத்து ஆளிடம் "வந்ததா?" என்று கேட்டுவிடுகிறேன்.